தராசு என்ன பதில் சொன்னது?



பொன்முடி என்று இந்த மலைக்கு எப்படிப் பேர் வந்தது? மலைத் தெய்வங்கள் இங்கே பொன்னை ஒளித்து வைத்துக் காவல் காக்கின்றன என்று காணி மக்கள் நம்பினார்கள். அதனால் பொன்முடி ஆயிற்று என்று ஒரு கதை உண்டு. இது ஏட்டில் பிறந்த கதை அல்ல. மனிதர் வாயில் பிறந்த கதை.

லயத்து வாசலில் உட்கார்ந்து பேய்க்கதை சொல்லும் பாட்டி உண்டு. கொழுந்து கிள்ளிக்கொண்டே பாட்டுக் கட்டும் அக்கா உண்டு. ஓட்டுக் கேட்டு வந்தவர் போல நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்கும் தம்பி உண்டு. அற்புதக் கதை, கவிதை, அரசியல் கேலி. மூன்றும் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் இதையே காகிதத்தில் எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது. "எழுத்துப் பிழை வருமே! படித்தவர்கள் சிரிப்பார்களே!" என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் வீண் பயம் அல்ல. ஒரே ஒரு சிரிப்பு போதும். ஒரு நோட்டுப் புத்தகம் அடுப்புக்குள் போய்விடும். அதோடு அந்தக் கதையும் போய்விடும்.

குஞ்சன் நம்பியார் கதையைக் கேளுங்கள். இவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மலையாளக் கவிஞர். அம்பலப்புழைக் கோயிலில் சாக்கியார் கூத்து நடந்தது. நம்பியார் மிழாவு என்ற வாத்தியம் வாசித்தார். வாசிக்கும்போதே கண் அயர்ந்துவிட்டார். சாக்கியார் அவரைச் சபை நடுவே கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நம்பியார் தானே பாட்டுக் கட்டி ஆடினார். கூட்டம் எல்லாம் அவர் பக்கம் திரும்பியது. துள்ளல் என்ற கலை இப்படித்தான் பிறந்தது என்று கேரளத்தில் சொல்வார்கள்.

நம்பியார் புராணக் கதைகளைத்தான் பாடினார். ஆனால் அவர் காட்டிய தேவலோகத்தில் கேரளத்து ஆட்களே நடமாடினார்கள். அதிகாரிகளின் ஆசையும், பெரிய மனிதரின் வீண் பெருமையும் அங்கே வெளிச்சத்துக்கு வந்தன. அற்புதமும் கவிதையும் கேலியும் ஒரே பாட்டில் கலந்தன. பண்டிதர் மொழியை விட்டு, சாதாரண மக்களின் பேச்சில் அவர் பாடினார். பிறகு திருவனந்தபுரத்து அரசவையிலும் அவருக்கு ஆதரவு கிடைத்தது.

அடுத்தது ஒரு பெண்ணின் கதை. பேர் மீனாட்சி அம்மாள். இலங்கையில் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. தேயிலைத் தோட்டத்தில் தமிழர் படும் பாட்டைப் பாட்டாக எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் தானே பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாக வந்தன. தேயிலைத் தூரிலிருந்தும் கவிதை முளைக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வாருங்கள். அங்கே கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன். கடையில் இருந்தபடியே தெருவைப் பார்த்தார். சுமை தூக்குபவர், சிறு வியாபாரி, பிழைக்க வழி தேடுபவர் எல்லாரும் அவர் கதைக்குள் வந்தார்கள். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுதுவதற்குத் தனி நாற்காலி தேவையில்லை. கடைப்பலகையே போதும்.

அதே நகரில் நகுலன் என்ற எழுத்தாளர் இருந்தார். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். தன் எழுத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பிற எழுத்தாளர்களின் படைப்புகளையும் சேர்த்து, 1968இல் 'குருக்ஷேத்திரம்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார்.

1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் கூடினார்கள். அவர்கள் போட்ட முதல் 120 ரூபாய். எழுத்தாளர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது பல நூறு புத்தகங்களை வெளியிட்டது. ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். எல்லாரும் மேலே வந்தார்கள்.

சரி, பக்கத்தில் எழுதுபவருக்கு எப்படிக் கை கொடுப்பது?

ஓர் அக்கா ஒரு கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரம். தேயிலைச் செடிகள் வேரோடு எழுந்து நடக்கின்றன. எடை போடும் இடத்துக்குப் போகின்றன. "இன்று எங்கள் கொழுந்து எத்தனை கிலோ? உண்மையைச் சொல்" என்று தராசைக் கேட்கின்றன. இதை அந்த அக்கா எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்.

கேட்பவர், "செடி எங்காவது நடக்குமா?" என்று சொன்னால் கதை அங்கேயே செத்தது. "தராசு என்ன பதில் சொன்னது?" என்று கேட்டால் கதை வளரும். அந்த ஒரு கேள்விதான் ஊக்கம். அதற்குக் காசு செலவில்லை.

வாசித்து முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். "நன்றாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். எழுத்துப் பிழையைக் கடைசியில், தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து திருத்துங்கள். நாலு பேர் முன்னால் திருத்த வேண்டாம்.

கேலி எழுதுபவருக்கு இன்னும் கூடுதல் துணை வேண்டும். ஒருவரின் சாதியை, உடம்பை, ஏழ்மையைக் கேலி செய்யக்கூடாது. செய்த தவறைத்தான் கேலி செய்ய வேண்டும். எடை குறைந்தது என்று எழுதினால், எந்த நாள், எத்தனை கிலோ என்று முதலில் சரிபார்த்துக் கொடுங்கள். உண்மை பக்கத்தில் இருந்தால் பயம் குறையும். கேலி எழுதியவரைத் தனியாக நிற்க விடாதீர்கள். பத்துப் பேரின் எழுத்தைச் சேர்த்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை செய்யுங்கள். நாலு தாள், ஒரு பேனா, கோத்துக் கட்ட ஒரு நூல். அவ்வளவுதான்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் பெரிய விழா நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அங்கே அறிவித்தவர் மந்திரி அல்ல. முதிய வயதில் எழுத்தறிவு இயக்கத்தில் படித்த சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி. அன்று மேடையில் ஒலித்தது புதிதாகப் படித்தவரின் குரல்.

அடுத்த குரல் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம். அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "என்ன எழுதினீர்கள்? வாசியுங்கள், கேட்போம்" என்று சொல்லுங்கள்.