வீட்டு எரிபொருள் கணக்கும் மக்கள் பழக்கமும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

ஒரு கிராமத்தின் வீடுகளுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு எரிவாயு, எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று திட்டம் வகுப்போர் கணக்கிடுகின்றனர். வீடுகளின் தொகை, வீட்டிலுள்ள அடுப்பு, விளக்கு முதலிய சாதனங்கள், அவற்றின் திறன் ஆகியவற்றைப் பெருக்கிப் பார்ப்பார்கள். இதனை மாதிரிக் கணக்கு என்பர். இக்கணக்கில் அடுப்பு இருக்கிறது. அடுப்பை மூட்டுகிறவர் இல்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. காய்ந்த விறகில் 4,000 அளவில் உண்டு. மண் அடுப்பில் எரியும் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் பானையைச் சேரும். எரிவாயு அடுப்பில் 60 பங்கு வரை சேரும். ஆகவே 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று சுமார் 200 கிலோ விறகுக்கு ஈடு. 300 வீடுகளுள்ள ஓர் ஊரில், வீட்டுக்கு ஆண்டுக்கு 8 சிலிண்டர் என்று வைத்தால், 480 டன் விறகு மிச்சம் என்று காகிதம் சொல்லும்.

நடப்பது என்ன? 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கப்பெற்றது. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. இது பெரிய சாதனையே. ஆயினும் அக்குடும்பங்கள் 2019-20-இல் சராசரியாக ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்தான் வாங்கின. 2023-24-இலும் நான்கிற்குச் சற்றுக் குறைவாகவே வாங்கின. எஞ்சிய சமையல் பெரும்பாலும் விறகிலும் வறட்டியிலும் நடந்தது.

இதனை அறியாமை என்று சொல்வாரை நாம் ஏற்கமாட்டோம். தாய்மார்கள் தம் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அது மிக நுட்பமானது. சிலிண்டருக்கு ஒரே சமயத்தில் மொத்தப் பணம் எண்ணி வைக்க வேண்டும். விறகுக்குப் பணம் வேண்டாம், உடலுழைப்புப் போதும். வேலையில்லாத மாதங்களில் உழைப்புக்கு விலையில்லை. நடவிலும் அறுவடையிலும் கூலி கிடைக்கும்போது சுள்ளி பொறுக்கப் போனால் நட்டம். ஆகவே ஒரே வீட்டில் தை மாதத்து அடுப்பு வேறு, வைகாசி மாதத்து அடுப்பு வேறு. விருந்தினருக்குக் காப்பி, பிள்ளைகளின் காலைச் சமையல் ஆகியவற்றுக்கு எரிவாயு. குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுதல் எல்லாம் கொல்லைப்புற அடுப்பில். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சிலிண்டருக்குப் பணம் கொடுப்பவர் பல வீடுகளில் ஆண்மகன். புகையைச் சுவாசிப்பவரோ அவரல்லர்.

இது புதிய பாடமன்று. 1983-இல் தொடங்கி 2002 வரை நடைபெற்ற தேசியத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கு மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. பானைக்கு வாய் பொருந்தாமலும் புகைபோக்கி துப்புரவு செய்யப்படாமலும் பல அடுப்புகள் மூலைக்குப் போயின. பின்னர் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை ஆராய்ச்சியாளர் நான்காண்டு கவனித்தனர். முதலாண்டில் புகை குறைந்தது. போகப்போக அடுப்பைப் பயன்படுத்துவதும் பழுது பார்ப்பதும் தளர்ந்தன. நுரையீரல் நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. சோதனைக் கூடத்தில் அந்த அடுப்பு நல்ல அடுப்புத்தான்!

விளக்கிலும் இவ்வாறே. 60 வாட் பல்பு நான்கு மணி நேரம் எரிந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கும் அவ்வளவே எரிந்தால் நாளொன்றுக்கு 204 வாட்-மணி மிச்சம். செலவு குறைவுதானே என்று தொழுவத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் மிச்சம் 132 ஆகிவிடும். பாம்பு நடமாடும் தொழுவத்தில் வெளிச்சம் வேண்டியதே. அதை வீண் என்று நாம் கூறவில்லை. கணக்கில் அது ஏறவேண்டும் என்றே கூறுகிறோம்.

ஊராட்சிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எல்லா வீட்டிலும் இணைப்பு இருக்கிறது, ஆகவே விறகுத் தேவை இல்லை என்று திட்டத்தில் எழுதிவிட்டு, கண்மாயிலுள்ள சீமைக் கருவேலை முழுவதும் கரிமூட்டத்துக்கு ஏலம் விட்டால், மறுவாரமே பெண்கள் இரண்டு மைல் தள்ளிப் போய் விறகு தேட நேரும். புகையில்லாக் கிராமம் என்று பலகை வைத்த ஊரில் குழந்தைகளுக்குச் சளியும் மூச்சிரைப்பும் தொடரும். விறகு பாதியானால் நோயும் பாதியாகும் என்று எண்ணலாகாது. சிறிதளவு புகையே பெருந்தீங்கு செய்யும்.

எனவே கணக்கெடுக்கச் செல்வோர், "இணைப்பு உண்டா?" என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆண்களிடம் கேட்டுத் திரும்பலாகாது. "நேற்று எந்த அடுப்பில் எதைச் சமைத்தீர்கள்? கடைசியாகச் சிலிண்டர் வந்தது எப்போது?" என்று பெண்களிடம் கேட்க வேண்டும். பத்துப் பதினைந்து வீடுகளிலாவது காலையில் விறகுக் கட்டைத் தராசில் நிறுத்து வைத்து, அதிலிருந்தே எடுத்து எரிக்கச் சொல்லி, மறுநாள் காலையில் எஞ்சியதை நிறுக்க வேண்டும். வெளியிலிருந்து புதிதாகச் சேர்த்த விறகிருந்தால் அதையும் நிறுத்துச் சேர்க்க வேண்டும். எத்தனை பேர் உண்டனர் என்றும் குறிக்க வேண்டும். இதனைக் கோடையில் ஒருமுறை, அறுவடையில் ஒருமுறை, விறகு நனைந்து கிடக்கும் ஐப்பசி அடைமழையில் ஒருமுறை செய்ய வேண்டும். மூன்று எண்களையும் கிராம சபையில் படித்துக் காட்டிய பின்பு கண்மாய் மரத்தின் ஏலத்தைப் பற்றிப் பேசலாம்.