அடிவயித்து வலியை டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

(மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



அந்திக் கொழுந்து நிறுத்துட்டு வீட்டுக்குக்கூடப் போகாம நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்திருக்கீங்க. அடுப்பு பத்த வைக்கணும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு குடுக்கணும். அதனால சுத்தி வளைக்காம பேசுறேன். ஆம்பளைங்க போக வேண்டாம். இது உங்களுக்கும் உள்ள விஷயம்தான்.

முதல்ல என்னோட பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால ஒரு தங்கச்சி என்கிட்ட வந்தாள். பேர் வேண்டாம். "அக்கா, அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, மாசத்துல அஞ்சாறு நாள் மலை ஏற முடியல்ல" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னொரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி ரெண்டு பனடோல் குடுத்து அனுப்பினேன். எங்க அம்மா எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு அவள் பட்டதைக் கேளுங்க. டிஸ்பென்சரியில் கேஸ் குளிசை குடுத்தாங்க. வெளியில ஒரு டொக்டர் சலத்தில் கிருமி என்று மருந்து எழுதினார். சலத்தைச் சோதிக்காமலே மூன்று தரம் அதே மருந்து. பிறகு ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தாங்க. "ஒன்னுமில்லை, மனசுதான் காரணம், யோசிக்காம இருங்க" என்று அனுப்பிட்டாங்க. அந்த "ஒன்னுமில்லை"தான் அவளுக்குப் பெரிய அடி. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுறார். புருஷன், "டொக்டரே ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டார், உனக்கு வேலைக்குப் போகக் கள்ளம்" என்கிறார். கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துட்டுது, நமக்குப் பைத்தியமோ என்று.

இப்ப சொல்லுறேன், கேட்டுக்கொள்ளுங்க. தொப்புளுக்குக் கீழே ஆறு மாசத்துக்கு மேலாக விட்டு விட்டோ விடாமலோ வலி இருந்தால் அது நாட்பட்ட அடிவயிற்று வலி. அதுக்குக் காரணம் ஒன்றல்ல. கருப்பையின் உள்பக்கத்தில் இருக்கிற மாதிரியான சவ்வு வெளியில, சூலகத்திலும் குழாய்ப் பக்கத்திலும் வளர்ந்து, மாதாமாதம் வீங்கி வலிக்கும். இதுக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர். உலகத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 வீதமானவர்களுக்கு இது இருக்குதாம், உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நிறுவைக்கு வரிசையில் பத்துப் பேர் நின்றால் ஒருத்தி. கருப்பைக் குழாயில் கிருமி தொற்றினாலும் வலிக்கலாம். பழைய ஒப்பரேஷன் தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டாலும், சலப்பையில் குடலில் கோளாறு இருந்தாலும், இடுப்புக்குள் தசை இறுகினாலும் வலிக்கலாம். ஒரே ஆளுக்கு ரெண்டு மூன்று காரணம் சேர்ந்தும் இருக்கலாம்.

முக்கியமான விஷயம், ஸ்கேனில் ஒன்றும் தெரியல்ல என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. எண்டோமெட்ரியோசிஸ் பல பேருக்கு ஸ்கேனில் தெரியாது. இது கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் ஆகிறது நம்ம தோட்டத்தில் மட்டுமில்லை, பணக்கார நாட்டிலேயும் அப்படித்தான்.

டொக்டர்மார் ஏன் காதில் போடுவதில்லை? அவங்க மேலே பிழை இருக்கு. பொம்பளை வலி என்றால் சகிக்க வேண்டியது என்ற நினைப்பு படித்தவங்களிடமும் இருக்கு. ஆனால் ஓ.பி.டி.யில் நூறு பேர் வரிசை, நமக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தில் நாம என்ன சொல்றோம்? "வயித்து வலி" என்கிறோம். அவர் இரைப்பை என்று நினைச்சு மருந்து எழுதுகிறார். சில பேர் "மேலெல்லாம் வலி" என்கிறாங்க. டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வாசலில் நிற்கிற ஆம்பளை ஒருத்தர் வந்து மொழிபெயர்க்கிறார். அவர் முன்னால தூரம் பற்றியோ புருஷனோடு சேரும்போது வலிக்கிறது பற்றியோ யார் வாய் திறப்பாங்க? நானும் திறக்க மாட்டேன்.

அதனால அந்தத் தங்கச்சி ரெண்டாம் முறை வந்தபோது, நான் மன்னிப்புக் கேட்டுட்டு, பிள்ளையின் பழைய சி.ஆர். கொப்பி ஒன்றை எடுக்கச் சொன்னேன். மூன்று மாசம் எழுதினோம். எந்தத் தேதி தூரம், எந்தத் தேதி வலி, பத்துக்கு எத்தனை, சலம் போகும்போதா, மலம் போகும்போதா, சேரும்போதா, எத்தனை பேர் இழந்தாள். அவளுக்கு எழுத வராது. ஏழாம் வகுப்பு மகள் வலிக்குச் சிவப்புப் புள்ளி, தூரத்துக்குக் கறுப்புப் புள்ளி வைத்தாள். அதுவே போதும். கடைசிப் பக்கத்தில் இதுவரை குடித்த மருந்தெல்லாம் ஒட்டினோம். பழைய துண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே பேக்கில்.

நானும் கூடப் போனேன். அவளை மூன்று வசனம் பாடமாக்க வைத்தேன். "டொக்டர், அடிவயித்தில் நாலு வருஷமா வலி. மாதாமாதம் அஞ்சு நாள் வேலைக்குப் போக முடியல்ல. கேஸ் மருந்தும் சல மருந்தும் குடிச்சும் குறையல்ல." சிங்களத்தில் வேண்டுமானால் "யட்டி பட ரிதெனவா" என்றால் அடிவயிறு வலிக்குது, "மாச ஹயக் திஸ்ஸே" என்றால் ஆறு மாசமாக. ஆம்பளை மொழிபெயர்ப்பு வேண்டாம், நேர்ஸ் அம்மாவைக் கூப்பிடுங்க என்று கேட்டோம். கேட்கலாம். யாரும் அடிக்க மாட்டாங்க.

அந்த டொக்டரும் முதலில் "நோர்மல்" என்றுதான் சொன்னார். நான், "நோர்மல் என்றால் இந்த வலி எதனால டொக்டர்? அடுத்து என்ன பார்க்கலாம்?" என்று கேட்டேன். கை நடுங்கியது. அவர் கொப்பியைப் புரட்டினார். சிவப்பும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வருவதைப் பார்த்துட்டு ரெண்டாம் முறை புரட்டினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி பெண்ணோயியல் கிளினிக்குக்குத் துண்டு எழுதினார். அங்கே சின்னத் துவாரம் போட்டுக் கெமராவில் பார்த்தாங்க. எண்டோமெட்ரியோசிஸ்தான்.

ஹோர்மோன் குளிசை குடுத்தாங்க. அது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை மாதிரியே இருந்ததால் புருஷன் சண்டைக்கு வந்தார். இது வலிக்கான மருந்து என்று கிளினிக்கிலேயே அவருக்கு விளக்கப்படுத்தின பிறகு அடங்கினார். (பிள்ளைக்கு ஆசை இருந்தால் முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்க, அதுக்கு வேறு வழி பார்ப்பாங்க.) நோய் முழுக்கப் போகல்ல. சில மாசம் ஒரு நாள் படுக்கிறாள். முன்னே அஞ்சு நாள்.

கொப்பி எழுதக் காத்திருக்கக் கூடாத வலியும் இருக்கு. தூரம் தள்ளிப் போய் ஒரு பக்கம் கடும் வலி, காய்ச்சலோடு வலி, தலைசுற்று, துணி நனைந்து நனைந்து போகிற இரத்தம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். லொறி வேணுமென்றால் ராத்திரியானாலும் என்னைத் தட்டி எழுப்புங்க. தூரம் நின்று வருஷமான பிறகு இரத்தம் பட்டாலும், சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலும் வலி இல்லாவிட்டாலும் காட்டணும். 35 வயதானவங்க சுவநாரி கிளினிக்குக்குப் போங்க, காசு இல்லை. கருப்பைக் கழுத்தையும் பார்ப்பாங்க.

மலையில மலசலகூடம் இல்லாததால தண்ணி குடிக்காம, சலத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறீங்களே, அதைப் பற்றித் துரையிடம் எழுதிக் குடுத்திருக்கிறேன். பதில் இன்னும் இல்லை. அடுத்த கூட்டத்தில் தலைவர்மாரும் கேட்கணும்.

பத்துக் கொப்பி கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தால் இப்ப எடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில்தான் இருப்பேன், பிள்ளையைத் தூக்க வருகிற மாதிரி வந்து வாங்கிக்கொண்டு போங்க.