வீட்டுத் திரையில் நாடோடிப் பாடல்



நாடோடிப் பாடல் மேடைக்காகப் பிறந்ததன்று. வீட்டுத் திண்ணை, வயல், சுரங்க வாயில், சிறு தேவாலயம் ஆகிய இடங்களிலே, பாடுவோர் யார், கேட்போர் யார் என்ற வேறுபாடு பெரிதும் இல்லாத கூட்டத்தில் அது வளர்ந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுப் பாடல்களும் இவ்வாறு வளர்ந்தவையே. தாய் பாட மகள் கேட்டாள். தந்தை பஞ்சோ மீட்ட, மகன் அவருடைய விரல்களைப் பார்த்திருந்தான். 1927ஆம் ஆண்டு, ரெனசி மாநில எல்லையிலுள்ள பிரிஸ்ரல் நகருக்கு, இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ரால்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து சேர்ந்தார். காட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ரொட்ஜர்சும் அங்கேதான் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தனர். ‘கன்ட்ரி’ என்று இன்று வழங்கும் இசையின் வணிக வாழ்வு இந்நிகழ்ச்சியோடு தொடங்கியது எனப் பலரும் கொள்வர். அன்று முதல் பாடல் மலை கடந்து, கடல் கடந்து சென்றது. ஆனால் குரல் மட்டுமே சென்றது. விரல்கள் ஊரிலேயே நின்றுவிட்டன.

அவ்விரல்களை நம் கண்முன் கொண்டுவந்த கச்சேரிப் படங்களையும் விவரணப் படங்களையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். 1970களின் பிற்பகுதியிலிருந்து வீடியோ நாடாக்களாகவும், 1990களின் இறுதியிலிருந்து டிவிடி தட்டுகளாகவும் இத்தகைய படங்கள் வீடுகளுக்குள் வந்தன. அவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவாரும் உளர். அக்கருத்துக்கு நான் உடன்படேன்.

எலிசபெத் கொற்றன் என்ற அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1893ஆம் ஆண்டு வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி இவர். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குச் சென்று, சேர்த்த பணத்தில் ஒரு கிற்றார் வாங்கினார். இவர் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையால் வாசிப்போருக்கென நரம்பு கட்டிய கிற்றாரை, நரம்புகளை மாற்றாமலே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். ஆகவே ஏனையோர் பெருவிரலால் மீட்டும் கீழ்ச்சுர நரம்புகளை இவர் மற்ற விரல்களால் மீட்டினார். பாட்டின் மெட்டையோ பெருவிரல் வாசித்தது. இசைத்தட்டிலே அவரைக் கேட்டோர் பலர் அந்த நாதத்தைத் தம் கிற்றாரில் எழுப்ப முயன்றிருப்பர். காது எத்துணைக் கூர்மையுடையதாயினும் இந்த மருமத்தை அதனால் அறிய இயலாது. படத்திலோ ஒரு கணத்தில் விளங்கிவிடுகின்றது.

இவ்வம்மையார் பல ஆண்டுகள் கிற்றாரைத் தொடாமலே இருந்தவர். கடையொன்றில் வழிதவறிய பெகி சீகர் என்ற சிறுமியைத் தாயிடம் சேர்த்ததன் பயனாக, சீகர் குடும்பத்தில் வேலைக்கமர்ந்தார். அது இசையாராய்ச்சியாளர் வாழ்ந்த இல்லம். அங்கே சுவரில் தொங்கிய கிற்றார்தான் அவரை மீண்டும் வாசிக்க அழைத்தது. அவருடைய முதல் இசைத்தட்டு 1958இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

அக்குடும்பத்தைச் சேர்ந்த பீற் சீகர் 1965, 1966ஆம் ஆண்டுகளில் நடத்திய ‘ரெயின்போ குவெஸ்ற்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் இவர் தோன்றிப் பாடினார். இத்தொடரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1955இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவொன்று சீகரின் அரசியற் கொள்கைகளைப் பற்றி வினவியபோது அவர் விடையளிக்க மறுத்தார். அதன் காரணமாக 1961இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. எனினும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் கதவுகள் திறக்கவில்லை. எனவே அவரும் அவர் மனைவி தோஷியும் தம் பணத்தைச் செலவிட்டு, நியூ ஜேர்சியில் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் ஒளிபரப்பி வந்த ஒரு சிறு நிலையத்தின் வழியாகத் தாமே நிகழ்ச்சி நடத்தினர். முப்பத்தொன்பது நிகழ்ச்சிகள் பதிவாகின. பெயர்ப் பட்டியலில் தோஷி அம்மையார் தம்மைத் ‘தலைமைச் சமையற்காரியும் போத்தல் கழுவுபவரும்’ என்று வேடிக்கையாகக் குறித்துக்கொண்டார். உண்மையில் நிகழ்ச்சியைத் தாங்கிய தூண்களில் அவரும் ஒருவர்.

அந்நிகழ்ச்சிகளில் அலங்காரம் எதுவுமில்லை. சபையோர் இல்லை, கைதட்டலும் இல்லை. ஒரு மேசை, சில நாற்காலிகள், கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவே. சீகருக்குத் தொலைக்காட்சி அறிவிப்பாளருக்குரிய மிடுக்கு சிறிதும் இல்லை. சில வேளைகளில் அவர் பேச்சு நீண்டும் விடுகின்றது. ஆயினும் அந்த மேசையருகே வந்தமர்ந்தோர் யாவர்? 1928இல் சில தட்டுகள் பதிவு செய்தபின் உலகம் மறந்துவிட, 1963இல் மிசிசிப்பி மாநிலத்தின் அவலன் என்னும் சிற்றூரில் மீண்டும் கண்டறியப்பட்ட முதியவர் ஜோன் ஹேட் வந்தார். ஸ்ரான்லி சகோதரர் வந்தனர். ஜோனி காஷ் என்ற புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர், காட்டர் குடும்பத்து மகளான ஜூன் காட்டருடன் வந்தார். மருந்துப் பழக்கத்தால் மெலிந்து அமைதியிழந்திருந்த அவர் நிலையைப் படம் மறைக்கவில்லை. ஜோன் ஹேட்டும், ஸ்ரான்லி சகோதரருள் மூத்தவரான காட்டர் ஸ்ரான்லியும் 1966ஆம் ஆண்டு முடிவதற்குள் காலமாயினர். அந்த மலிவான பதிவு நிகழாதிருந்தால் அவர்கள் வாசித்த முறையை இவ்வளவு அருகிலிருந்து காணும் வாய்ப்பு மிகவும் குறைந்திருக்கும்.

அத்தொடரிற் பாடிய மற்றொருவர் கென்ரக்கி மாநிலத்து டெய்சி என்ற ஊரினரான ரொஸ்கோ ஹோல்கம். சுரங்கத்திலும் மரம் அரியும் ஆலையிலும் உழைத்துத் தேய்ந்த உடல். மிக உயர்ந்த, கூரிய குரல். அவரை ஜோன் கோஹன் 1959இல் சந்தித்தார். 1963இல் வெளியிட்ட அரை மணி நேரப் படமொன்றில் அவரையும், வேலை குறைந்துபோன சுரங்கப் பகுதி மக்களையும், அவர்களுடைய வழிபாட்டுப் பாடலையும் ஒருங்கே காட்டினார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்போருக்கு ஒன்று தெளிவாகும். நிலையத்திலே நாம் காண்பவர் ஓர் அரிய கலைஞர். கோஹனின் படத்திலோ, அந்தக் குரலின் கூர்மை எந்த வாழ்விலிருந்து வந்தது என்பதையும் காண்கின்றோம். ஒன்றையே தேர்ந்துகொள் என்றால் நான் கோஹனின் படத்தையே எடுப்பேன்.

கைகளைப் போலவே கேட்போரின் முகங்களும் முக்கியமானவை. ஜோனி காஷ் 1968 ஜனவரியில் கலிபோர்னியாவின் போல்சம் சிறைச்சாலையில் பாடியது இசைத்தட்டாக வந்து பெரும் புகழ் பெற்றது. கொலையைக் குறிப்பிடும் ஓர் அடி முடிந்ததும் கைதி ஒருவர் ஆரவாரிப்பதை அத்தட்டிற் கேட்டோர் மெய்சிலிர்த்தனர். அந்த ஆரவாரம் பின்னர் தொகுப்பறையில் ஒட்டப்பட்டது! அக்கச்சேரியை எவரும் திரைப்படமாக எடுக்கவில்லை. நிழற்படங்கள் மட்டுமே உண்டு. ஆனால் அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் சான் குவென்ரின் சிறையிற் பாடியபோது, பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சியினர் படம்பிடித்தனர். அச்சிறையையே சாடும் பாடலைக் கைதிகள் எழுப்பிய குரலுக்கிணங்க அவர் இரண்டாம் முறையும் பாடினார். அங்கே எழுந்த கொந்தளிப்பு எவரும் ஒட்டிவைத்ததன்று என்பதற்கு அந்த முகங்களே சாட்சி.

படமும் பொய் சொல்லாததன்று. வெட்டியும் ஒட்டியும் எடுப்பதே அதன் தொழில். மரே லேர்னர் 1963 முதல் 1966 வரை நியூபோட் நாடோடி இசைவிழாவிலே படம்பிடித்து, 1967இல் ‘பெஸ்ரிவல்’ என்ற அழகிய படத்தைத் தந்தார். எனினும் அதிற் பல பாடல்கள் பாதியிலே அறுந்துபோகின்றன. பாடகர் வாய் திறக்குமுன் காட்சி மாறுகின்றது. கற்க விரும்புவோனுக்கு இது பெரும் ஏமாற்றமே. அவ்விழாக்களில் பொப் டிலன் பாடியவற்றை மட்டும் தொகுத்து லேர்னர் வேறொரு படம் வெளியிட்டபோது ஆண்டு 2007 ஆகிவிட்டது. அதில் பாடல்கள் பலவும் முழுமையாக உள்ளன. நாற்பதாண்டுக் காலம் அவை பேழைக்குள் உறங்கின! பாடலுக்கு ஓர் உரிமையாளர், படத்துக்கு மற்றொருவர், நிலையத்துக்கு இன்னொருவர் என்றிருக்கும்போது, ஒருவரது இசைவு கிட்டாவிடினும் பதிவு வீட்டை வந்தடைவதில்லை. ‘ரெயின்போ குவெஸ்ற்’ நிகழ்ச்சிகளுள் டிவிடி தட்டாக வெளிவந்தவையும் சிலவே.

இன்று இணையத்தின் வழியே யாவும் கிடைக்கும் என்ற எண்ணம் பரவியுள்ளது. இன்று காணக் கிடைத்தது நாளை உரிமைத் தகராறால் மறைந்துவிடுவதும் உண்டு. வி.எச்.எஸ். நாடா இயக்கும் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வேலையை நிறுத்திவிட்டது. காந்த நாடாவும் காலத்தால் நலிவது. ஈரமும் வெப்பமும் மிக்க இடத்தில் விரைந்தே கெடும். தட்டாக மறுபடி வெளிவராத கச்சேரிகள் பழைய நாடாக்களில் இன்னும் கிடக்கின்றன. அத்தகைய நாடா எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின், அதை நிமிர்த்தி வைத்து, ஈரம் படாது காத்து, இயங்கும் கருவி கிடைக்கும் இந்நாளிலேயே கணினிக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.