அகளி நஞ்சியம்மா

நீலகிரியில் பிறக்கும் பவானி ஆறு நேரே கிழக்கு நோக்கி இறங்கி நம் சமவெளிக்கு வந்துவிடுவதில்லை. முதலில் அது கேரள மாநிலத்து மலைக்காட்டிற்குள் நுழைகிறது. முக்காலி என்னும் இடத்தில் வளைந்து திரும்பி, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கைக் கடந்து, மறுபடியும் தமிழ்நாட்டிற்குள் புகுந்து, பவானி நகரில் காவிரியோடு கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் தலைமை ஊர் அகளி. கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி. அங்கே மாநில எல்லை. எல்லையைத் தாண்டிச் சிறிது நேரம் பயணம் செய்தால் அகளியின் கடைத்தெரு. பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆயினும் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் சரிபாதியாகக் காதில் விழும். இவ்விரண்டும் அல்லாத வேறொரு பேச்சும் இடையிடையே கேட்கும். அதுதான் இருளர் மொழி.

அந்த மொழியில் பாடிய ஒரு பெண்மணியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் நஞ்சியம்மா. அகளியை அடுத்த நக்குபதி என்னும் ஊரில் வாழ்பவர். ஆடுமாடு மேய்ப்பது அவருடைய தொழில். பாடுவது தொழில் என்று சொல்வதற்கில்லை, வழக்கம் என்று சொல்லலாம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்ட 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபது அளவில் இருக்கும்.

இந்த விருதின் பெருமை தமிழர்களுக்குப் புதிதன்று. பாடகிகளுக்கென்று இது ஏற்படுத்தப்பட்டபோது முதன்முதலில் பெற்றவர் பி. சுசீலா, படம் ‘உயர்ந்த மனிதன்’. அடுத்த ஆண்டில் பெற்றவர் கே. பி. சுந்தராம்பாள். அவர் கொடுமுடிக்காரர். அட்டப்பாடியில் ஓடும் தண்ணீர் பவானிக் கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து கொடுமுடியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இதை ஒரு பொருத்தமாகக் கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எனக்கு அது நினைவுக்கு வந்தது, சொல்லிவிட்டேன்.

படத்தின் பெயர் ‘அய்யப்பனும் கோஷியும்’. சச்சி என்பவர் எழுதி இயக்கியது. இசை ஜேக்ஸ் பிஜாய். 2020 பிப்ரவரியில் வெளிவந்த மலையாளப் படம் அது. கதை நடப்பதும் அட்டப்பாடியில்தான். படத்திற்கு மண்ணின் குரல் ஒன்று தேவைப்பட்டது. பழனிசாமி என்னும் ஆதிவாசிக் கலைஞர் நடத்தும் ஆசாத் கலா சங்கத்தில் நஞ்சியம்மா பல காலமாகப் பாடி வந்தவர். அந்த வழியாக இயக்குநருக்கு அவர் அறிமுகமானார். கிழக்கே ஒரு சந்தன மரம் பூத்திருப்பதையும் வானத்தில் விமானம் போவதையும் சொல்கிற அந்தப் பாட்டு, குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே சோறூட்டும் தாயின் பேச்சைப் போன்றது. சொற்கள் அவருடையவை, குரலும் அவருடையது. படத்தில் ஒரு சிறு வேடத்திலும் அவர் தோன்றினார்.

அந்தக் குரலைக் கேட்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சங்கீத மேடையில் நாம் கேட்டுப் பழகிய நயமான குரல் அன்று. சற்றுக் கரகரப்பானது, மலைச்சரிவில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிப் பழகிய தொண்டையிலிருந்து வருவது. இருளருடைய ஆட்டமும் பாட்டும் தவில், பொறை, கொகல், ஜால்ரா ஆகியவற்றோடு சேர்ந்தே நடப்பவை. கொகல் என்பது ஊதும் கருவி. பொறை என்பது தோற்கருவி. வட்டமாக நின்று காலடி மாற்றி ஆடும்போது, பாடுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறு என்ற பிரிவு அங்கே இல்லை. அப்படிப்பட்ட பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் ஒருவர் தனியாக நின்று பாடுவது என்றால், அதற்கும் ஒரு துணிவு வேண்டும் அன்றோ?

விருது அறிவிக்கப்பட்டவுடன் ஒரு சர்ச்சை எழுந்தது. முறைப்படி சங்கீதம் பயின்று, ஆயுள் முழுவதும் சாதகம் செய்தவர்கள் இருக்க, சுருதி கொடுத்துப் பாடச் சொன்னால் பாடத் தெரியாத ஒருவருக்கு இவ்விருதா என்று சிலர் கேட்டனர். கேரளத்து இசைக் கலைஞர்கள் பலர் அதற்கு உடனே மறுப்புச் சொன்னார்கள் என்பது அந்த நாட்டின் நல்லியல்பைக் காட்டுகிறது. என்னுடைய அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னணிப் பாட்டுக்கான விருது, ஒரு படத்தில் ஒரு பாட்டு என்ன செய்தது என்பதைப் பார்த்து வழங்கப்படுவது. பாடகருடைய வாழ்நாள் பயிற்சிக்கு வேறு பட்டங்கள் உண்டு. அந்தப் பாட்டை நன்கு பயின்ற வேறொருவர் பாடியிருந்தால் சுருதி பிசகாமல் இருந்திருக்கலாம். அட்டப்பாடி அதில் இருந்திராது.

ஆனால் எனக்கு மனத்தில் உறுத்தியது அந்தச் சர்ச்சை அன்று. விருது அறிவித்த அன்று மாலை, தில்லியில் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில கூடியிருந்தோம். ‘சூரரைப் போற்று’ ஐந்து விருதுகள் பெற்றிருந்தது, சூர்யாவுக்கும் ஜி. வி. பிரகாஷ் குமாருக்கும் விருது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேச்சு நஞ்சியம்மாவிடம் வந்தது. கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டோம். “என்ன மொழி இது? மலையாளமா?” என்றார் ஒருவர். “மலையாளமில்லை, கொச்சைத் தமிழ்” என்றார் மற்றொருவர், மிகுந்த உறுதியோடு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், ஒரு மொழிக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் சிரித்தேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் நம் தமிழிலக்கியத்தைப் பற்றி எழுதியவர் என்று பலருக்குத் தெரியும். அவரே இருளர் மொழியை ஆராய்ந்து, 1973 முதல் 1982 வரையிலான காலத்தில் மூன்று பகுதிகளாக நூல் வெளியிட்டிருக்கிறார். தமிழோடு மிக நெருங்கிய உறவுடையதாயினும் தனக்கென இலக்கணமும் ஒலியமைப்பும் உள்ள ஒரு திராவிட மொழி அது. மரத்தை அவர்கள் ‘மெர’ என்கிறார்கள். நம் மொழியைப் பேசத் தெரியாமல் அவர்கள் அப்படிச் சொல்வதாக நினைப்பது, தங்கையைப் பார்த்து அக்காளைப்போல் இல்லையே என்று குறைசொல்வதற்கு ஒப்பாகும். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும். நம் பேச்சைக் கேட்டு, அது என்ன மொழியென்றுகூடக் கேளாமல் சிரிப்பவர்களை நாம் சந்தைக்குச் சந்தை சந்தித்திருக்கிறோமே!

நஞ்சியம்மா விருதை வாங்கத் தில்லிக்கு வந்தது 2022 செப்டம்பர் 30 அன்று. விஞ்ஞான பவனத்தில் விழா. விருதுகள் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள்தான் திரௌபதி முர்மு அவர்கள் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றிருந்தார். பழங்குடியிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் பெருமகள். அவர் கையால் நஞ்சியம்மா விருதைப் பெற்றபோது, அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். ஒரு சந்தாலிப் பெண்மணி வழங்க, ஓர் இருளப் பெண்மணி வாங்கினார். இயக்குநர் சச்சி அதைப் பார்க்க இல்லை. படம் வெளிவந்த நான்கே மாதத்தில், 2020 ஜூன் 18 அன்று காலமாகிவிட்டார். அவருக்கும் சிறந்த இயக்குநர் விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. நஞ்சியம்மா தம் விருதை அவருக்கே சமர்ப்பித்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு விருதுக் கதை. நின்றுவிடவில்லை.

அகளியில் தம் கணவர் குடும்பத்துக்கு உரிய பூர்வீக நிலம், ஏறக்குறைய 4 ஏக்கர், பிறர் பெயரில் எழுந்த ஆவணங்களால் கைவிட்டுப் போயிற்று என்பது நஞ்சியம்மாவின் நெடுநாளைய முறையீடு. எதிர்த்தரப்பினர் அதை மறுக்கின்றனர். யார் பக்கம் நியாயம் என்று வானொலியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் விருது கிடைத்தபிறகு அவரைக் காண வந்த பத்திரிகையாளர்களிடம், பாட்டைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் நிலத்தைப் பற்றியும் அவர் பேசினார் என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு முன்பும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை.

இது ஒரு குடும்பத்தின் வழக்கு மட்டுமன்று. அகளி, புதூர், சோளையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகள் சேர்ந்தது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரே 1951-இல் அங்கே பெரும்பான்மையோர். பத்தில் ஒன்பது பேர் என்று கணக்குச் சொல்கிறது. பின்னர்க் கேரளத்துச் சமவெளியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடியேற்றம் பெருகவே, அவர்கள் சிறுபான்மையினர் ஆயினர். தமிழ்நாட்டிலிருந்தும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடன், குத்தகை, வெற்றுத்தாளில் கைந்நாட்டு என்று நிலம் பல வழிகளில் கைமாறியது. ராகியும் சாமையும் துவரையும் ஒன்றாக விதைத்துப் பயிரிட்ட மக்கள், பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். 2013-ஆம் ஆண்டில் ஊட்டச்சத்தின்றிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி இந்தியாவெங்கும் பேசப்பட்டது அல்லவா? அது இந்த அட்டப்பாடியில்தான்.

சட்டம் இல்லாமலில்லை. பழங்குடியினரின் நிலத்தை மீட்டுத்தர 1975-லேயே கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்ததோ 1986-இல். ஒரு சட்டத்துக்கு விதி எழுத 11 ஆண்டு! அரசாங்கத் தாள்களோடு வாழ்கிற எனக்கே இது வியப்பாயிருக்கிறது. 1999-இல் வேறொரு சட்டம் வந்தது. விவசாய நிலம் 2 ஹெக்டேர் வரை வைத்திருக்கும் குடியேறியவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். நிலமிழந்த பழங்குடியினருக்கு அரசு மாற்று நிலம் தரும் என்பது அதன் சாரம். 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மாற்று நிலம் என்பது தாளில் எழுதுவதற்கு எளிய சொல். குலதெய்வம் இருக்கும் நிலத்துக்கும், முன்னோரைப் புதைத்த நிலத்துக்கும், பாட்டில் பெயர் சொல்லி வரும் குன்றுக்கும் மாற்று எங்கே இருக்கிறது? மொழிபெயர்ப்பில் நான் தினந்தோறும் ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் இடுகிறவன். எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று நம்புவது என் தொழிலின் குறை.

பாட்டுக்காரர்கள் இத்தகைய காரியங்களில் ஈடுபடுவது உலகில் புதிதன்று. ஜப்பானில் மியாவி என்றொரு கிடார் கலைஞர் இருக்கிறார். 1981-இல் ஒசாகாவில் பிறந்தவர். கிடாரை மீட்டுவதற்கு வைத்துக்கொள்ளும் சிறு தகட்டை விட்டு, விரல்களாலேயே தந்தியை அறைந்து வாசிப்பவர். ராக் இசையில் தொடங்கி வேறு பல பாணிகளிலும் புகுந்தவர். 2017-இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அவரை நல்லெண்ணத் தூதராக நியமித்தது. அப்பதவிக்கு வந்த முதல் ஜப்பானியர் அவரே. அகதி முகாம்களுக்குக் கிடாரோடு சென்று குழந்தைகளிடையே வாசிக்கிறார். போற்றத்தக்க பணி. அவர் வீடிழந்தவர்களைத் தேடிப் போகிறார். நஞ்சியம்மா எங்கும் தேடிப் போகவேண்டியதில்லை. தம் வீட்டு வாசலில் நின்று பேசினாலே போதும்.

ஜப்பான் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அகளி மக்களுக்கு அந்த நாட்டின் பெயர் பழக்கமானது. 1990-களில் ஜப்பானிய நிதியுதவியோடு அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் அகளியில் அமைந்து, மொட்டையாகிவிட்ட மலைகளில் மரம் வளர்ப்பதும் மண்ணரிப்பைத் தடுப்பதுமான பெரிய திட்டத்தை நடத்தியது. வறண்ட சரிவுகள் பல மறுபடி பசுமையாயின. மரம் திரும்பி வந்தது; நிலத்தின் பட்டா யாருக்கு என்பது அந்தத் திட்டத்தின் வேலையன்று.

சென்ற கோடையில் விடுமுறைக்குக் கோயம்புத்தூர் போயிருந்தபோது, ஒருநாள் ஆனைகட்டி வழியாக அகளிக்குப் பேருந்தில் சென்றேன். நஞ்சியம்மாவைக் காண அன்று. அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு என்ன காரியம்? ஊரைப் பார்க்கவே போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி, மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். “நஞ்சியம்மா ஊருக்கு எங்கே இறங்கவேண்டும், அம்மா?” என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் தமிழில் வழி சொன்னார். பிறகு, “பாட்டுக் கேட்க வந்தீங்களா, சாமி?” என்றார். “ஊர் பார்க்க வந்தேன்” என்றேன். அவர் அடுத்துத் தம் மொழிக்கு மாறி ஏதோ சொன்னார். முக்கால் பங்கு புரிந்தது. தம் பிள்ளைகளும் அப்படிப் பாடுவார்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடுவதில்லை என்பது போலிருந்தது. மீதிக் கால் பங்கைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இம்முறை தமிழில் அன்று, தம் மொழியிலேயே இன்னும் மெதுவாகச் சொன்னார்.