காதிரைச்சல்



புறத்தே யாதோர் ஒலியும் இல்லாதிருக்கக் காதினுள் ரீங்காரம் கேட்பதைக் காதிரைச்சல் என்பர். பல்லாண்டுகளாக அஃது எனக்கு உண்டு. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அது தெரிவதில்லை; கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இரவு தங்கினாலோ பெரிதாகிவிடும்.

அமைதி அதனை வளர்ப்பானேன்? 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், செவிக்குறையற்ற 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்திப் பார்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகக் கூறினர்! புறவொலி குன்றினால் மூளை அகவொலியைத் தேடிப் பிடிக்கிறது போலும்.

பேரொலியால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் சிதைந்தாலும் இவ்விரைச்சல் தோன்றும். அச்செல்கள் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. காதில் கருவி செருகி உரக்கப் பாட்டுக் கேட்போர் இதனை அறிக. குறும்பி அடைத்தும் வருவதுண்டு. மருத்துவர் எளிதில் நீக்கிவிடுவார். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தாலோ உடனே அவரிடம் செல்லவேண்டும்.

என் காதிரைச்சல் முற்றும் நீங்கவில்லை. கவனியாது விட்டால், கடைசி வரிசைக் குறும்பனைப் போல் ஓரளவு அடங்குகிறது. மலைக்குச் சென்றால் பெரியார் அருவியருகே நெடுநேரம் அமர்ந்திருப்பேன். வீட்டில், மார்கழிக் குளிரிலும் மின்விசிறி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும்; அதன் ஓசையில்தான் உறக்கம் வருகிறது.