தைராய்டுக் குறைபாடும் அன்றாட மாத்திரையும்

தைராய்டு என்றவுடன் அரசு அலுவலர்களின் நினைவுக்கு முதலில் வருவது உப்பேயாகும். அதற்குத் தக்க காரணமும் உண்டு. இன்று இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட கள ஆய்வு, அயோடின் கலந்த உப்பை உண்ட மக்களிடையே முன்கழுத்துக் கழலை படிப்படியாகக் குறைவதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப் பெற்றது. நேரடியாக உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்பது 2006-ஆம் ஆண்டு மே மாதம் முதல் மீண்டும் தடை செய்யப்பட்டது.

பொருளாதார நோக்கில் இத்திட்டத்தின் சிறப்பு எளிமையானது. உப்பு விளையும் இடங்கள் சிலவே. ஆங்கே தரத்தைக் கண்காணித்தால் போதும். சமைக்கும் பெண்மணி எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

எனினும், சுரப்பி குன்றுவதற்கு அயோடின் பற்றாக்குறை ஒன்றே காரணமன்று. அயோடின் போதிய அளவு கிடைக்கும் மக்களிடையே, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதுதான் முதன்மைக் காரணம். ஆண்களைவிடப் பெண்களே இதற்குப் பன்மடங்கு அதிகமாக ஆளாகின்றனர். எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. அவர்களுள் பலருக்குக் குறைபாடு லேசானதே. எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. சுரப்பி உண்மையிலேயே தளர்ந்துவிட்டவருக்கோ, உப்பு உதவாது. சுரக்க வேண்டிய பொருளையே வெளியிலிருந்து தர வேண்டும்.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைராக்சின் 1927-இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. இன்று லீவோதைராக்சின் மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்று, விலை வரம்புக்கும் உட்பட்டிருக்கிறது. எனவே விலை பெருந்தடையன்று. தடை நாள்தோறும் விடியற்காலையில் எழுகிறது.

இம்மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். இதனால் ஒரு நாள் மறந்தாலும் பெருந்தீங்கு நேராது. ஆனால் அடியோடு நிறுத்தியவருக்கும் சில வாரங்கள் வரை ஒன்றும் தெரிவதில்லை; நோய் தீர்ந்துவிட்டதென்று அவர் நம்பிவிடுகிறார். சோர்வும் மலச்சிக்கலும் உடல் பருமனும் திரும்ப வரும்போது, மாத்திரையை விட்டதோடு அவற்றைத் தொடர்புபடுத்துவோர் குறைவு. அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். சோதனை பொருளுள்ள விடை தரும். தினக்கூலி பெறுபவருக்கோ, பல இடங்களில் மாத்திரையைவிடச் சோதனையும் அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலியுமே சுமையாகின்றன.

வெறும் வயிற்றில், தண்ணீருடன், காலை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்வது நெறி. காப்பியும் மருந்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். காப்பி குடித்தபின்பே நாள் தொடங்கும் வீடுகளில் இது சிறிய தியாகமன்று! இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இங்குதான் ஓர் அரசுத் திட்டம் மற்றொரு சிகிச்சையோடு மோதுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு அரசே இரும்பு, போலிக் அமில மாத்திரைகளையும் கால்சியத்தையும் வழங்குகிறது. அதே காலத்தில் அவருடைய தைராக்சின் தேவை நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உயர்கிறது. முதல் மாதங்களில் கருவிலுள்ள சிசு தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. மறவாதிருக்க வேண்டி அவர் மூன்றையும் ஒன்றாக விழுங்கினால், தைராய்டு மருந்து பெருமளவு வீணாகும். சோதனை முடிவைக் கண்ட மருத்துவர் அளவை உயர்த்துவார். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் செவிலியர் 'காலையில் இது, மதியமும் இரவும் அவை' என்று கூறினாலே போதுமானது. இதற்கெனத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மிகையும் தீங்கே. முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல உயர்த்துவர். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு சீர்கெடும், எலும்பும் தேயும். உடல் இளைப்பதற்காக இதனை உட்கொள்வோர் இதை அறிந்திருத்தல் நலம்.

காலம் மிகக் குறுகியிருப்பது பச்சிளங்குழந்தைகளின் நிலையில்தான். ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இக்குறை பிறவியிலேயே காணப்படுகிறது. பெரும்பாலும் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும்; பல மாதங்கள் கடந்தபின் தொடங்கினால் இழந்தது முழுவதும் மீளாது. குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தம் சோதனைக்குப் போதுமானது. ஆயினும், தாய் பிரசவத்திற்குத் தன் பெற்றோர் வீடு சென்று, பின் கணவர் ஊருக்குத் திரும்பியிருப்பார். முடிவு எந்த முகவரிக்குச் செல்வது? இரு வீட்டாரின் தொலைபேசி எண்களையும் பிறப்புப் பதிவின்போதே குறித்துக் கொள்வது எழுத்தரின் பணி. குழந்தையின் அறிவு வளர்ச்சி அதனைச் சார்ந்திருக்கிறது. மாத்திரையைப் பொடித்துச் சிறிது தாய்ப்பாலில் கரைத்து ஊட்டலாம். குறை நிலையானதா, தற்காலிகமானதா என்பதை ஐயமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது நிறைந்தபின் மருத்துவரே மருந்தை நிறுத்திச் சோதித்து அறிவார்; அதுவரை ஒரு நாளும் விடலாகாது.