வியாபாரப் போட்டியும் நமது கடமையும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



நம்மவரிற் பலர் இந்நாளில் கடையைத் திறந்து வைத்து, வாயிலையே நோக்கி உட்கார்ந்திருக்கின்றனர். பெருங் கம்பெனிகளின் அங்காடிகளும், கைப்பேசியிற் கேட்டவுடன் வீட்டிற்கே சரக்கனுப்புவோரும் வந்தபின், "இனி நமக்கென்ன பிழைப்பு?" என்னும் பேச்சு நமது இல்லங்களிற் கேட்கின்றது. தந்தையார் நடத்திய கடையை மூடிவிட எண்ணுவோரும் இச்சபையில் உளர். அவர்கள் பொருட்டே ஒரு வரலாற்றைக் கூறுகின்றோம்.

குஜராத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் அரசாங்கச் சுரங்க இலாகாவிற் பணிபுரிந்த ரசாயன நிபுணர். அவர் 1969-ஆம் ஆண்டில் ஆமதாபாத்திலே தமது வீட்டுக் கொல்லையிற் சலவைத் தூளைக் கையாற் கலந்து, 'நிர்மா' எனப் பெயரிட்டு, சைக்கிளில் வீடுவீடாய்க் கொண்டுசென்று விற்றார். அக்காலத்தில் இவ்வியாபாரத்தில் முதன்மை பெற்றிருந்தது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியாரின் 'சர்ப்' தூள். மூலதனம், ஆலை, விளம்பரம் ஆகிய ஒன்றிலேனும் படேல் அவர்களுக்கு ஈடாகார். அவர் தோற்பது நிச்சயமென்றே எவரும் கூறியிருப்பர்.

ஆனால் அவர் சர்ப் வாங்குவோரைத் தம்பால் இழுக்க முயலவில்லை. அத்தூளை வாங்க இயலாது, கட்டிச் சவுக்காரங்கொண்டே துணி துவைத்துவந்த எண்ணிறந்த குடும்பங்களை நாடினார். சர்ப் கிலோ சுமார் 13 ரூபாய் விற்றபோது, தமது தூளைச் சுமார் 3 ரூபாய்க்குக் கொடுத்தார். எளிய பொருள்களும் சொந்த உழைப்பும் செலவைக் குறைத்தமையால், அவர் கொடுத்த மலிவு நஷ்டத்திற்குக் கொடுத்த மலிவன்று. 1980-களில் நிர்மாவின் விற்பனை சர்ப்பினதை விஞ்சிற்று.

இப்பொழுது தோல்வி பெருங் கம்பெனியின் வாயிலில் வந்து நின்றது. ஏழைகளின் தூள் தங்களுக்குரிய வியாபாரமன்றென முதலில் அலட்சியம் செய்த அவர்கள், பின்னர் தவற்றை உணர்ந்தனர். நிர்மாவிற் சோடா உப்பு மிகுதி. அது துவைப்போரின் கையை எரிக்கும். அக்குறையைக் கண்டு, கைக்கு இதமானதென்று 'வீல்' என்னும் மலிவுத் தூளை 1980-களின் பிற்பகுதியிற் கொணர்ந்தனர். பிற்காலத்தில் அது விற்பனையில் நிர்மாவையும் முந்திற்று.

சகோதரர்களே! சிறியவர் வென்றதும், பெரியவர் மீண்டதும் ஒரே வழியாலன்றோ? எதிரி கவனியாது விட்டவர் யார், அவர்க்குள்ள குறை யாது என்று இருவரும் பார்த்தனர். நாமோ அண்டைக் கடைக்காரர் விலையைக் குறைத்தாரென்று, கணக்குப் பாராமல் நாமும் குறைத்து, முதலையும் இழக்கின்றோம்.

ஆகையால் நாளை முதற்கொண்டே கல்லாப்பெட்டியருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாடிக்கைக்காரர் கேட்டு, நாம் 'இல்லை' என்று திருப்பியனுப்பிய பொருள்களை நாள்தோறும் குறியுங்கள். ஒரு மாதங் கழித்து அதனைக் குடும்பத்தாருடன் கூடியிருந்து வாசியுங்கள். எச்சரக்கை நிறுத்துவது, எதனைப் புதிதாய்க் கொள்வது என்பது அதில் விளங்கும். தொழிலையே மாற்ற வேண்டுமென்று அக்கணக்கு உரைப்பினும் அதில் இழிவில்லை. கணக்கைப் பாராமல் கடைக்குப் பூட்டிடுவதே இழிவு.